‘நாலு, அஞ்சு’ என்று சொல்லி நகர்த்து: பத்துக் கட்ட அட்டையும் மழலையர் எண்ணறிவும்

அரை மீட்டர் நீளத்துக்கு ஓர் அட்டை. இடமிருந்து வலமாகப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம், உள்ளே 1 முதல் 10 வரை எண்கள். ஒரு முனை தொடக்கம், மறுமுனை முடிவு. காயாக ஒரு முயல், ஒரு கரடி. பாம்பு, ஏணி, வெட்டு, மலை எதுவும் கிடையாது. நம் ஊர்ப் பிள்ளை ஒன்றிடம் நீட்டினால் ‘இவ்ளோதானா?’ என்று கேட்டாலும் கேட்கும்.

இந்த அட்டையை வைத்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் செய்த பரிசோதனைகள் 2008-இல் வெளியாயின. பல்லாங்குழி கணக்கைக் கற்றுத்தரும், தாயம் மூளையை வளர்க்கும் என்று நமக்கு வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு செய்தியாவது வந்துவிடுகிறது. எந்த ஆட்டம் எதைக் கற்றுத்தருகிறது, எப்படி, எவ்வளவு நாள் நிற்கிறது என்று திருப்பிக் கேட்டால் அனுப்பியவர் பதில் சொல்வதில்லை. பிட்ஸ்பர்க் அட்டையை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தவர்கள் இவர்கள்.

ஏழு எங்கே இருக்கிறது?

நாலு வயதுப் பிள்ளை பத்து வரைக்கும் கடகடவென்று ஒப்பிக்கும். விருந்தாளி வந்தால் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லச் சொல்வோம். அதே பிள்ளையிடம் ‘நாலு புளியங்கொட்டை எடுத்துக் கொடு’ என்றால் ஒரு கை அள்ளி நீட்டும். ‘ஆறு பெரிசா, எட்டு பெரிசா?’ என்றால் விடை நம் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். எண்ணின் பெயர்கள் வரிசையாக வாயில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அளவு உண்டு என்பது இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியை அளக்க ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். தாளில் ஒரு நேர்கோடு. இடது நுனியில் 0, வலது நுனியில் 10. நடுவில் ஒன்றுமில்லை. ‘7 எங்கே வரும்? கோடு போட்டுக் காட்டு.’ பிறகு 2, பிறகு 5, இப்படி. எண்ணின் அளவு பிடிபட்ட பிள்ளை 7-ஐ நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி வலப்பக்கம் வைக்கும். பிடிபடாத பிள்ளை எங்கே வேண்டுமானாலும் வைக்கும். 2-ஐ 8-க்கு அந்தப் பக்கம் வைப்பதில் அதற்குச் சங்கடம் இல்லை.

பிள்ளை போட்ட கோடுகள் எண் கூடக்கூடச் சீராக வலப்பக்கம் நகர்கின்றனவா என்று பார்த்து மதிப்பிட்டார்கள். அச்சாகப் பொருந்தினால் 100 சதவீதம், எண்ணுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் 0. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சராசரி 60 வந்தது. ஹெட் ஸ்டார்ட் மையங்களில் படித்த பிள்ளைகளுக்கு 15. ஹெட் ஸ்டார்ட் என்பது லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது, 1965-இல், ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய முன்பள்ளித் திட்டம். நம் அங்கன்வாடிக்குச் சரியாகப் பத்து வயது அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது.

60-க்கும் 15-க்கும் நடுவே இருப்பது பிள்ளைகளின் அறிவு வித்தியாசமல்ல என்பது ஆய்வாளர்களின் ஊகம். எண்ணோடு புழங்குவதற்கு வீட்டில் கிடைத்த சந்தர்ப்பத்தில்தான் வித்தியாசம் என்று நினைத்தார்கள். ஊகம் சரியென்றால், அந்தச் சந்தர்ப்பத்தைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே அட்டை, இரண்டு விதம்

36 ஹெட் ஸ்டார்ட் பிள்ளைகள், 18 பேராக இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு மேலே சொன்ன எண் அட்டை. கூடவே முள் வைத்த ஒரு சுழல்வட்டு. பாதியில் 1, பாதியில் 2. மற்றப் பிரிவுக்கும் அதே அளவு அட்டை, அதே பத்துக் கட்டம், அதே முயலும் கரடியும், எதிரே உட்கார்ந்து ஆட அதே போலப் பெரியவர் ஒருவர். எண்கள் மட்டும் இல்லை. அவர்களுடைய சுழல்வட்டில் நிறங்கள். எந்த நிறத்தில் முள் நிற்கிறதோ அந்த நிறக் கட்டத்துக்கு, நிறங்களைச் சொல்லிக்கொண்டே, காயை நகர்த்த வேண்டும்.

இந்த இரண்டாவது பிரிவு இருப்பதால்தான் இந்தப் பரிசோதனையை நான் மதிக்கிறேன். ‘பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து கொஞ்சியதால் பிள்ளை தெளிந்திருக்கும்’, ‘ஆட்டம் என்றாலே உற்சாகம்தானே’ என்றெல்லாம் பின்னால் யாரும் சொல்ல முடியாது. கொஞ்சலும் உற்சாகமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எண் அட்டைக்காரர்களுக்கு ஒரு விதி இருந்தது. முக்கியமான விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. காய் 3-இல் நிற்கிறது, முள் 2 காட்டுகிறது என்றால், பிள்ளை ‘நாலு, அஞ்சு’ என்று சொல்லி நகர்த்த வேண்டும். ‘ஒன்னு, ரெண்டு’ என்று சொல்லி நகர்த்தக் கூடாது. தெரியாமல் முழித்தால் பெரியவர் சொல்லித்தருவார்; பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லி நகர்த்தும். திட்டு, மதிப்பெண் எதுவும் இல்லை.

ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போல, இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை. மொத்தம் ஒரு மணி நேரம்.

பிறகு அதே கோட்டுச் சோதனை. எண் அட்டையில் ஆடிய பிள்ளைகள் 15-இலிருந்து 61-க்கு வந்திருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் 60 நினைவிருக்கும். நிற அட்டையில் ஆடியவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் 18, பின்னால் 18.

முதன்முதலில் படித்தபோது எனக்குச் சந்தேகம்தான் வந்தது. பிரிவுக்குப் பதினெட்டே பேர். ஆட்டம் முடிந்த கையோடு சோதனை. அதே ஆண்டு இருவரும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அந்தச் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்தது. இந்தத் தடவை 124 ஹெட் ஸ்டார்ட் பிள்ளைகள். கோட்டுச் சோதனையோடு நிற்காமல், பத்து வரை எண்ணுதல், எழுதிய எண்ணைப் படித்தல், இரண்டில் எது பெரிது என்று சொல்லுதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கிலும் எண் அட்டைப் பிரிவு முன்னேறியது. ஒன்பது வாரம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோதும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

ஓர் ஆட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒரு பிள்ளை மொத்தத்தில் இருபது ஆட்டம் போல ஆடியிருக்கும். இருபது ஆட்டம்! நம் வீடுகளில் ஒரு மழைநாளில் ஆடித் தீர்த்துவிடுவோம்.

பாம்பை எடுத்துவிட்டுச் சறுக்குமரம்

இந்த அட்டை எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதே 124 பிள்ளைகள் ஆய்வோடு, வீட்டில் என்னென்ன ஆட்டம் ஆடுவீர்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டார்கள். கட்ட ஆட்டம் ஏதாவது ஒன்றாவது ஆடுவோம் என்று சொன்னவர்கள் நடுத்தர வர்க்கத்தில் 80 சதவீதம், ஹெட் ஸ்டார்ட் பிள்ளைகளில் 47 சதவீதம். வீட்டில் இந்த ஆட்டங்களை அதிகம் ஆடிய பிள்ளைகளுக்கு எண்ணறிவும் கூடுதலாக இருந்தது. அதிலும் ஓர் ஆட்டத்தின் பெயர் தனித்துத் தெரிந்தது: ‘சூட்ஸ் அண்ட் லேடர்ஸ்’.

அது மில்டன் பிராட்லி நிறுவனம் 1943-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய ஆட்டம். பிள்ளைகள் பாம்பைக் கண்டு பயப்படக் கூடாது என்று பாம்புக்குப் பதில் விளையாட்டுத் திடலின் சறுக்குமரத்தை வரைந்தார்கள். பாம்போடு இருந்த இங்கிலாந்துப் பதிப்பு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அது இந்தியாவிலிருந்து போனது. நாம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக விரித்து வைத்து ஆடும் பரமபதம் அதே குடும்பம்தான். நமது படத்தில் மேலே பரமபதம், ஏணி புண்ணியத்துக்கு, பாம்பு பாவத்துக்கு. இரவு முழுக்கச் சோழி உருட்டியும் மேலே போய்ச் சேராமல், கடைசிப் பாம்பு கொத்தி அடிக்கட்டத்துக்கு வந்து விழுந்த பாட்டிகள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு.

ஆகப் பிட்ஸ்பர்க் அட்டை என்பது, புண்ணிய பாவத்தையும் பாம்பு ஏணியையும் உரித்தெடுத்து, எலும்பு மட்டும் மிஞ்சிய பரமபதம். அந்த எலும்பில் என்ன சத்து என்பது அடுத்த கேள்வி.

நேராகப் போனால் ஏறுகிறது, சுற்றிப் போனால் ஏறவில்லை

ஆய்வாளர்கள் சொன்ன காரணம் இது. காய் எட்டாம் கட்டத்துக்கு வந்திருந்தால், நாலாம் கட்டத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு தூரம் வந்திருக்கிறது. இரண்டு மடங்கு முறை கை நகர்ந்திருக்கிறது. இரண்டு மடங்கு எண் பெயர்களை வாய் சொல்லியிருக்கிறது, காது கேட்டிருக்கிறது. நேரமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. கண், கை, வாய், காது எல்லாம் ஒரே செய்தியைச் சேர்ந்து சொல்கின்றன: எட்டு, நாலைவிட இவ்வளவு பெரியது. பாடமாகச் சொல்லித்தந்தால் காது மட்டும்தான் கேட்கும்.

காரணம் அதுதான் என்றால் அட்டையின் வடிவம் முக்கியம். அதே பத்து எண்களை வட்டமாக அடுக்கினால் தூரமும் திசையும் குழம்பிவிடும். பயன் குறைய வேண்டும். 2009-இல் வெளியான ஆய்வில் 88 பிள்ளைகளோடு அதைச் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு நேர் அட்டை, ஒரு பிரிவுக்கு வட்ட அட்டை, இன்னொரு பிரிவுக்கு அட்டையே இல்லாமல் பொருள்களை எண்ணுவதும் எண்களைப் படிப்பதும். கோட்டுச் சோதனையிலும் பெரிது சிறிது பார்ப்பதிலும் நேர் அட்டைப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். கூட்டல் சொல்லித்தந்தபோது அதையும் அவர்கள்தான் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வெளிச்சத்தில் நம் ஆட்டங்களைப் பார்த்தால் சில இடத்தில் வருத்தமும் சில இடத்தில் ஆச்சரியமும் வருகிறது.

தாயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு அருமையான ஆட்டம். நாலு வயதுக்கு எண் கற்றுத்தரச் சொன்னால் திணறும். காய் பலகையைச் சுற்றிச் சுற்றிப் போய்த்தான் பழுக்கிறது. கட்டத்தில் எண் இல்லை. தாயக்கட்டையோ அதைவிட வம்பு: இரண்டு கட்டையிலும் ஒரு முகம் வெறுமை, மற்ற முகங்களில் 1, 2, 3 புள்ளி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு! ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் சேர்ந்து பன்னிரண்டு ஆவதை ஒரு மழலைக்கு எந்த வாயால் விளக்குவது? தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்பதால் பிள்ளை பாதி ஆட்டம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆறேழு வயதுக்கு மேல் கட்டைப் புள்ளிகளைக் கூட்டுவதற்கும், எந்தக் காயை நகர்த்தினால் வெட்டலாம் என்று யோசிப்பதற்கும் இதற்கு இணை கிடையாது. ஆடுபுலி ஆட்டமும் அந்த வயதுக்கானதுதான். மூன்று புலியும் பதினைந்து ஆடும் யோசிக்கச் சொல்கின்றன, எண்ணச் சொல்வதில்லை.

பரமபதத்தில் எண் இருக்கிறது, வரிசை இருக்கிறது. சிக்கல் மடிப்பில். கீழ்வரிசை இடமிருந்து வலம் போகிறது. அடுத்த வரிசை வலமிருந்து இடம் திரும்புகிறது. ‘வலப்பக்கம் போகப்போகப் பெரிசு’ என்று பிள்ளை இப்போதுதான் பிடித்திருக்கும். பத்தைத் தாண்டிய நிமிஷம் அட்டை அதைக் கவிழ்த்துவிடுகிறது. ஏணியில் ஏறினால் நடுவில் உள்ள எண்கள் ஒன்றும் வாயில் வராமலே போகின்றன. பாம்பு கொத்தினால் பிள்ளை அழுகிறது. கீழ்வரிசை ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தால் அதுவே பிட்ஸ்பர்க் அட்டை. நாலு வயதுக்கு அது போதும்.

பல்லாங்குழியின் கதை வேறு. பதினாலு குழி இரண்டு வரிசையாகச் சுற்றுவதால் நேர்கோடு இல்லை, எண்ணும் எழுதியிருக்காது. ஆனால் எண்ணுவதற்கு அடிப்படையான ஒழுக்கம் ஒன்றை அதைவிடத் தெளிவாக வேறு எந்த ஆட்டமும் கற்றுத்தந்து நான் பார்த்ததில்லை: குழிக்கு ஒரு முத்து. ஒன்றை விடவும் கூடாது, ஒன்றில் இரண்டு போடவும் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை பொருள்களை எண்ணும்போது செய்யும் தவறுகள் இந்த இரண்டும்தானே! விரல் ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓடும். பல்லாங்குழியில் விரல் ஓட முடியாது. முத்து விழுந்தால்தான் கை அடுத்த குழிக்குப் போகும்.

அப்புறம் ‘பசு’. குழியில் நாலு முத்து சேர்ந்த உடனே பசு என்று கூவி எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள்கூட எண்ணாமல் ஒரே பார்வையில் பிழையின்றிச் சொல்லக்கூடியது மூன்று நாலு பொருள்கள்வரைதான். அதற்கு மேல் போனால் எண்ணியாக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு மூன்றோடு நின்றுவிடும். நம் ஆட்டம் பசுவைச் சரியாக அந்த எல்லையில் கட்டி வைத்திருக்கிறது. மூன்றா நாலா என்று பிள்ளை உற்றுப் பார்த்தே தீர வேண்டும். நாம் முந்திக்கொண்டால் பசு போய்விடும். இதைத் திட்டமிட்டு யாரும் அமைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடி, சுவாரசியமான எண் எதுவோ அதில் ஆட்டம் வந்து நின்றிருக்கலாம்.

மொட்டை மாடியில் ஒரு வழக்கு

என் தங்கை மகனுக்கு நாலரை வயது இருக்கும்போது மொட்டை மாடியில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டேன். சுழல்வட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. அவனுக்கு ஒரு சோழி, எனக்கு ஒரு பட்டன்.

மூன்றில் நிற்கிறான். கறுப்பு விழுந்தது. “ஒன்னு, ரெண்டு” என்று குதித்து ஐந்துக்குப் போனான்.

“மூணுக்கு அப்புறம் என்னடா வரும்? அதைச் சொல்லிக்கிட்டுப் போ.”

“பெரிம்மா, எனக்கு ரெண்டுதான விழுந்துச்சு? நீங்க ஏன் நாலு, அஞ்சுங்கறீங்க?”

அவன் கேட்டதில் தவறே இல்லை. விழுந்தது இரண்டு, அவன் எண்ணியதும் இரண்டு. நான் சொல்லச் சொன்னது போய்ச் சேரும் இடத்தின் பெயரை. எத்தனை அடி, எந்த இடம் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடிப்பதுதான் பின்னால் கூட்டல் ஆகிறது. அந்த வயதில் அது பெரிய பாரம்.

பாரம் என்பதற்காக விட்டுவிடலாமா என்றால், கூடாது என்கிறது எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. இந்தத் தடவை பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள், நூறு வரை எண் உள்ள அட்டை. ஒரு பிரிவு நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணி நகர்த்தியது. இன்னொரு பிரிவு ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து எண்ணி நகர்த்தியது. அட்டையும் ஆட்டமும் ஒன்றுதான். தொடர்ந்து எண்ணியவர்கள் தெளிவாக முன்னேறினார்கள்; ஒன்றிலிருந்து எண்ணியவர்கள் மிகக் கொஞ்சமே. கட்டத்தில் எண் அச்சாகியிருந்தும், அதன்மேல் காய் போயிருந்தும், பிள்ளையின் கண்ணும் வாயும் அந்த எண்ணைத் தொடவில்லையென்றால் அது உள்ளே போவதில்லை.

இதற்குப் பிறகு தங்கை மகனோடு ஆடும்போது ஒன்றைக் கவனித்தேன். சோழி எண்ணின்மேல் உட்கார்ந்து அதை மறைத்துக்கொண்டிருந்தது. தான் நிற்பது மூன்று என்று தெரிந்தால்தானே அவன் ‘நாலு’ என்று தொடங்குவான்? எண்ணைக் கட்டத்தின் மேல்பாதியில் எழுதி, காயைக் கீழ்பாதியில் வைக்கச் சொன்னதும் பாதிச் சண்டை குறைந்தது. மீதிச் சண்டை நான் ஜெயிக்கும்போது வந்தது. அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

டெல்லி சொன்ன எச்சரிக்கை

இவ்வளவையும் படித்துவிட்டு ‘ஆட விட்டால் போதும், கணக்கு தானாக வந்துவிடும்’ என்று கிளம்புகிறவர்கள் டெல்லி ஆய்வையும் படிக்க வேண்டும். மோய்ரா டில்லன், ஹரிணி கண்ணன், ஜோஷுவா டீன், எலிசபெத் ஸ்பெல்கே, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் ப்ரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 214 முன்பள்ளிகளில், 1540 பிள்ளைகளோடு நடத்தி 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. சராசரி வயது ஐந்தை ஒட்டி. ஒரு பிரிவுக்கு நாலு மாதம் கணித ஆட்டங்கள்: எந்தப் பக்கம் புள்ளி அதிகம், எந்த வடிவம் மற்றதோடு சேராது என்பது போன்றவை. இன்னொரு பிரிவுக்கு முகபாவம், பார்வை ஆகியவற்றைப் படிக்கும் சமூக ஆட்டங்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான வகுப்பு மட்டும்.

கணித ஆட்டம் ஆடிய பிள்ளைகள் அளவையும் வடிவத்தையும் பார்த்த மாத்திரத்தில் உணர்வதில் முன்னேறினார்கள். ஓராண்டுக்கு மேலும் அது நிலைத்தது. ஆனால் முதல் வகுப்புக்குப் போய், எண்களை எழுதிக் கணக்குப் போடும் இடத்தில் மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

நாலு மாதம் ஆடியது எழுத்துக் கணக்குக்கு உதவவில்லை. பிட்ஸ்பர்க்கின் ஒரு மணி நேரம் எண்ணறிவுக்கு உதவியது. முரணாகத் தோன்றினாலும் எனக்கு இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்வதாகத்தான் படுகிறது. டெல்லி ஆட்டங்களில் பிள்ளை அளவை உணர்ந்தது, அளவை உணர்வதில் தேறியது. பிட்ஸ்பர்க்கில் எழுதிய எண், அதன் பெயர், அது நிற்கும் தூரம் மூன்றும் ஒவ்வொரு நகர்த்தலிலும் முடிச்சுப் போடப்பட்டன. எது முடிச்சுப் போடப்பட்டதோ அது வந்தது. டெல்லிப் பிள்ளைகளை முதல் வகுப்புக்குப் போகும்வரை பின்தொடர்ந்தது போலப் பிட்ஸ்பர்க் பிள்ளைகளைத் தொடரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே பார்த்தது ஒன்பது வாரம்தான்.

பல்லாங்குழி ரசிகர்களுக்கு இதில் செய்தி உண்டு. பல்லாங்குழி டெல்லி ஆட்டங்களின் பக்கம் நிற்கிறது. அளவு கைக்குப் பழகும். எழுத்தில் உள்ள எண்ணோடு அது தானாகப் போய் ஒட்டாது. ஒட்டவைக்க வேண்டுமானால் குழி ஓரத்தில் 1 முதல் 7 வரை சாக்பீஸால் எழுதிவிட்டு, முத்தை எடுத்ததும் “கடைசி முத்து எந்த நம்பர்ல விழும்?” என்று விதைப்பதற்கு முன்பே கேட்கலாம். முதலில் தவறாகத்தான் சொல்வார்கள். முத்தே திருத்திவிடும்.

டீச்சருக்கு நேரம் எங்கே?

பிட்ஸ்பர்க்கில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். தமிழ்நாட்டின் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளில் பெரும்பாலும் ஒரு டீச்சர், ஓர் ஆயா. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை எல்லாரும் ஒரே அறையில். எடை பார்த்து எழுத வேண்டும், சத்துமாவு கணக்கு வேண்டும், மதியச் சாப்பாடு வேண்டும். இதில் எந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பதினைந்து நிமிடம் காய் நகர்த்துவது?

2012-இல் ரமணியும் சீக்லரும் எலீன் ஹிட்டியும் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது. ஆய்வாளர்கள் ஒதுங்கிக்கொண்டு, ஹெட் ஸ்டார்ட் வகுப்பறைகளின் உதவியாளர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லித்தந்தார்கள். அவர்கள் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக வைத்து ஆடினார்கள். அப்போதும் எண்ணறிவு கூடியது. நம் கணக்கில் சொன்னால், ஆயாவே போதும். சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் முன் கிடைக்கிற கால் மணி நேரத்தில் மூன்று பிள்ளைகளோடு ஆடலாம். மறுநாள் வேறு மூன்று பேர். தரையில் பத்துக் கட்டம் பெயின்ட் அடித்துவிட்டால் நாள்தோறும் அட்டை தேட வேண்டாம்.

2023 பிப்ரவரியில் ஒன்றிய அரசு 3 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்காக ‘ஜாதுயி பிட்டாரா’ என்று ஒரு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. நல்ல பெட்டிதான். பெட்டியைத் திறந்தவர் ‘நாலு, அஞ்சு’ என்று சொல்லவைக்காமல் ‘ஆடுங்க’ என்று விட்டுப் போனால், நிற அட்டையில் ஆடிய பதினெட்டுப் பேரின் கதைதான் நடக்கும்.

சாமான்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எல்லாமே மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தொண்டையில் அடைக்கும் அளவுதான். அதே அறையில் அந்த வயதுப் பிள்ளையும் இருக்கிறது என்றால் காய்க்குப் பெரிய பாட்டில் மூடி போதும். பல்லாங்குழிக்குக் குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது போல அழகாகத்தான் இருக்கும். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடியோடு சேர்த்து ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆடத் தொடங்கும் முன், சிலேட்டில் ஒரு நேர்கோடு போட்டு இடது நுனியில் 0, வலது நுனியில் 10 என்று எழுதிப் பிள்ளையிடம் நீட்டுங்கள். 7 எங்கே, 2 எங்கே, 5 எங்கே என்று கேளுங்கள். சரி, தப்பு எதுவும் சொல்ல வேண்டாம். போட்ட கோடுகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் நாலு நாள் ஆடுங்கள். பிறகு அதே சிலேட்டைத் துடைத்து, கோடு போட்டு, மறுபடி நீட்டுங்கள்.